மூடுபனி ஞாயிறுகள்

கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்தபோது என் குரல் என்னோடு வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆலயத்தில் பாடகர் குழுவுக்குப் பாட்டை எடுத்துக் கொடுத்து வந்தவள் நான். கடைசி பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்க வயிறு எரிந்தது. கர்த்தரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். கொடுத்ததை அவரே பிடுங்கிக்கொண்டால் நான் எதை வைத்துத் துதிப்பது?

ஒரு ஞாயிறு விடிந்தபோது மலையே காணாமல் போயிருந்தது. தேயிலைச் செடிகள், சில்வர் ஓக் மரங்கள், ஆலயத்துச் சிலுவை எல்லாம் வெள்ளைக்குள் கரைந்து கிடந்தன. மணியடிக்கும் கோயில்பிள்ளைக்குக் காய்ச்சல். போதகர் என்னிடம் வந்து, "நீங்க கொஞ்சம் அடிச்சுடுங்கம்மா" என்றார். பாட்டுக்குத்தான் உதவவில்லை, கயிறு இழுக்கவாவது ஆகட்டும் என்று நினைத்தார் போலும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், கடமைக்குக் கொஞ்சம் இழுத்துவிட்டுக் கயிற்றை விட்டேன்.

கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் சத்தம் வந்தது. "ஏனுங்க, மணிய நிறுத்திப்போடாதீங்க! எந்தப் பக்கம் ஏறறதுன்னே தெரியலீங்க!"

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பனி நாளில் பாதையைப் பார்த்து வருவதில்லை, மணியைக் கேட்டுத்தான் வருவார்கள். பாடகர் குழு முன்னதாகவே வந்து உள்ளே உட்கார்ந்துவிடும். அதனால் எனக்கு இது தெரியாமலே போயிருந்தது. "இதோ, இங்கே" என்று கத்த வாயெடுத்தேன். காற்றுதான் வந்தது. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

முதலில் ஒரு கம்பளிச் சால்வை, பிறகு ஒரு குடை, பிறகு தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒரு தகப்பன். கனவில் வருகிறவர்களைப் போல வெள்ளையிலிருந்து பிரிந்து, முகமாகி, தலையசைத்து உள்ளே போனார்கள். சத்தம் கொடுத்த அந்தப் பெண் செருப்பெல்லாம் சேறாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளைங்க, கூப்பிட்டுட்டே இருந்தீங்க" என்றார்.

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. நான் இல்லாமலேயே நன்றாகத்தான் இருந்தது. என் வயிறு எரியவில்லை. இன்னும் யாராவது வரக்கூடும் என்று கயிற்றை விடாமல் நின்றேன். பனி முகத்தை நனைத்தது. நெடுநாளைக்குப் பிறகு, "ஆண்டவரே, இது போதும்" என்று உதட்டை அசைத்தேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

மழைக்காலம் போனபின் குரலில் பாதி திரும்பி வந்தது. அதற்குள் பனி ஞாயிறுகளில் மணியடிப்பது என் வேலையாகியிருந்தது. பாடகர் குழுவிலிருந்து ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். வெயில் அடிக்கிற ஞாயிறுகளில் மட்டும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.