நாலு வருஷத்துக்கான மடிப்பு

தையல்காரரின் மனைவிக்கு முப்பத்து நாலு வயதில் நர்சிங் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் போட்டதையே கிடைத்த பிறகுதான் அவரிடம் சொன்னாள். முதல் வருஷக் கட்டணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள். அவரோ ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்றாலாவது சண்டை போடலாம். ஊமைச்சாமியிடம் என்னத்தைப் போடுவது?

மாலையில் முடிவு கேட்கக் கடைக்கே போய்விட்டாள். அவர் தைத்து முடித்த வெள்ளைச் சீருடை ஒன்றை நீட்டினார். அவள் விரித்துப் பார்த்தாள்.

"என்னங்க, கீழ நாலு விரல் துணிய உள்ள மடிச்சு வச்சிருக்கீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் தைக்கிறேன். நாலு வருஷப் படிப்பாச்சே, வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

"இந்த வயசுல நான் எங்கங்க வளர்றது? இடுப்புதான் வளரும்!"

"தெரியும். அங்கயும் விட்டிருக்கேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ நாலு வருஷத்துக்குமே பணம் கட்டுவீங்களா?" என்றாள்.

"பாதியில நிறுத்தறவளுக்கா இவ்வளவு துணிய வீணாக்குவேன்? காலையில சீக்கிரம் கிளம்பு, போய்க் கட்டிட்டு வந்துடலாம்."

வெட்டித் தள்ளிய துண்டுத்துணியைக்கூட எடுத்துப் பூட்டி வைக்கிற மனுஷர் அவர். அவரிடமிருந்து இதற்கு மேல் ஒரு சம்மதத்தை எதிர்பார்ப்பது பேராசை என்று அவளுக்குத் தெரியும்.