மணக்காத மருந்து

பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மாதம் தாங்குவேன் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்புறம் திருப்பூர் சாயப்பட்டறை, புனே ஓட்டல், லாரி என்று சுற்றினேன். பட்டறையில் கைத்தோல் உரிந்தது. ஓட்டலில் மஞ்சள்காமாலை வந்தது. லாரியில் தூக்கம் போனது. சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்ததும் அப்படி ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கியதுதான். ஆனால் இந்தக் கிளினிக்கில் சிரிப்பு அதிகம். டாக்டரம்மாவும் வரவேற்பு மேசை அக்காவும் காலையில் ஆரம்பித்தால் ஷட்டர் இறக்கும்வரை ஓயமாட்டார்கள். அதனால் தங்கிவிட்டேன்.

ஒரு நோயாளி எழுந்ததும் அடுத்தவர் உட்காருவதற்குள் நாற்காலி, விளக்குப் பிடி, தட்டு எல்லாவற்றையும் கிருமிநாசினி அடித்துத் துடைப்பது என் வேலை. அந்த ஸ்ப்ரே நெடி டாக்டரம்மாவுக்கு ஆகவில்லை. வரவர மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வெளியே போய் நின்று, இன்ஹேலர் உறிஞ்சி, திரும்பி வந்து பல் பிடுங்குவார். இப்படியே போனால் கிளினிக்கை மூட வேண்டியதுதான் என்று நெஞ்சு டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆகவே மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த சாம்பிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். லேபிளில் பொடி எழுத்தை டாக்டரம்மா படிப்பார். காசநோய்க் கிருமியைக் கொல்லுமா, எவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்று பார்ப்பார். நான் துடைப்பேன். அக்கா தீர்ப்புச் சொல்வார்.

முதல் மருந்து எலுமிச்சை வாசம். அக்காவுக்கு ஊர் புளியங்குடி, எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன இடம்.

"இந்த வாடைக்குத் தப்பிச்சுத்தான் தினம் பஸ் ஏறி வாரேன். இங்கனயும் கொண்டாந்துட்டாவளா?"

டாக்டரம்மா தும்மிக்கொண்டே இருந்தார். இரண்டாவது மருந்து நாற்காலி ரெக்ஸினைப் பிசுபிசுப்பாக்கிவிட்டது. உட்கார்ந்து பார்த்த அக்கா எழுந்தபோது புண்ணுக்கு ஒட்டிய பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. மூன்றாவது, டப்பாவிலிருந்து உருவி எடுக்கிற ஈரத்தாள். துளி மணம் கிடையாது. டாக்டரம்மா நாற்காலிமேல் குனிந்து மூச்சிழுத்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்தோம்.

"ஒண்ணும் ஆகல அண்ணே" என்றவர், சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினார். அக்கா இன்னொரு சுற்று சுற்றிவிட்டார்.

மறுநாள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வயல் வேலையை விட்டுவிட்டு ஒரு சம்சாரி வந்தார். கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. வாசலில் நின்று மோந்து பார்த்தார்.

"என்ன வே, ஆஸ்பத்திரி மணமே இல்ல?"

"புது மருந்து அண்ணாச்சி. மணக்காது" என்றேன்.

"மூக்குக்கே தெரியாத மருந்து கிருமிக்கு எப்படிவே தெரியும்?"

உள்ளே வராமல் பெஞ்சில் உட்கார்ந்தவர், பக்கத்தில் இருந்தவர்களிடமும் அதையே சொன்னார். நம் ஊரில் பினாயில் நெடி அடித்தால்தான் கழுவிய தரை. காத்திருந்தவர்கள் ஆளுக்கொரு தரம் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர் போன் பேசுகிற சாக்கில் இறங்கிப் போனார். ஒரு அம்மா மகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

"பழச வாசல்ல மட்டும் கொஞ்சம் அடிச்சிருவோமா மேடம்?" என்றார் அக்கா.

"காத்து உள்ளதான வரும்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அவர் சிரிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். பழைய மருந்து என்றால் மூச்சு நிற்கும். புது மருந்து என்றால் கூட்டம் நிற்காது.

பேச்சை ஆரம்பித்த சம்சாரி போகவில்லை. வலி விடவில்லை. கடைசியில் எழுந்து வந்தார்.

"என் கண்ணு முன்னால தொடை. பாக்கேன்."

துடைத்தேன். அவர் கூடவே வந்தார்.

"அந்தக் கைப்பிடிக்கு அடியில தொடைக்கல பாரு."

துடைத்தேன். உட்காரப் போனவரை டாக்டரம்மா நிறுத்தினார். ரெண்டு நிமிஷம் ஈரமாகவே இருந்தால்தான் கிருமி சாகும் என்றார். பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி நாங்கள் எல்லோரும் கைப்பிடியைச் சுற்றி நின்றோம்.

"காயுதே வே."

"இன்னும் ஈரம் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப உள்ள வேல நடக்கு" என்றார், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் போல. வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. டாக்டரம்மாவின் மாஸ்க் சிரிப்பில் குலுங்கியது.

"சிரிச்சு முடிச்சுட்டு ஊசி போடுங்கம்மா" என்று சம்சாரி வாயைத் திறந்தார்.

பல் வந்துவிட்டது. ஆனால் மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசக்கூடாதே, கதவோரம் நின்று விரலால் ஆட்சி செய்தார். அடுத்த ஆளுக்கு நான் துடைக்கும்போது விளக்கு சுவிட்சைக் காட்டினார். துப்புகிற தொட்டி விளிம்பைக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர், "எனக்கும் இதே மாதிரி காட்டித்தான் தொடைக்கணும், குறைச்சிராதீங்க" என்றார். அப்புறம் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். துடைப்பதைப் பார்க்க வேண்டும் என்று கதவைச் சாத்தவே விடவில்லை. எனக்கு இடுப்பு ஒடிந்தது. வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கு இடம் போதவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார்.

"அந்த ஈரத்தாள் டப்பா நிறைய அனுப்புங்க. நிறையத்தான். இங்க ஆளுக்கு ஆள் பக்கத்துல நின்னு வேலை வாங்குதாங்க."

சொல்லும்போதே சிரிப்பு முட்டியது. சிரித்தால் பின்னாலேயே இருமல் வரும் என்று அக்கா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். நானும் கையிலிருந்த தாளோடு அப்படியே நின்றேன். இருமல் வரவில்லை. எங்கள் இரண்டு பேர் முழிப்பையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா இன்னும் சத்தமாகச் சிரித்தார். போனில் அந்த ஆள் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.