ஜக்கையன் துபாய் பார்க்கப் போனது

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஜக்கையனுக்கு, தன் காயைத் தின்னும் துபாயைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஆசை வந்தது. அங்கிருந்த வியாபாரி ஒருவர் விசாவுக்கு ஏற்பாடு செய்தார். கடல், கடைவீதி, ஒட்டகம் என்று நான்கு நாளைக்குத் திட்டம் தயாரானது.

ஊர் நம்பவில்லை. துபாய்க்குப் பிழைக்கப் போவார்கள். வேடிக்கை பார்க்கவா போவார்கள்? "யாவாரம் நொடிச்சுப்போச்சு போல" என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். நம்பியவர்களோ, அங்கே கட்டட வேலை பார்க்கும் தங்கள் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் இட்லிப்பொடியும் கொண்டுவந்து குவித்தார்கள்.

"இதைக் குடுத்து முடிக்கவே நாலு நாளும் பத்தாது. நீங்க எப்ப ஊரைப் பார்ப்பீக?" என்று மனைவி அய்யம்மாள் கேட்டாள்.

"வெரசாக் குடுத்துட்டு ஓடிருவேன்" என்றார்.

முடியவில்லை. ஊருக்கு வெளியே மணல்காட்டுத் தகரக் கொட்டகைகளில் ஒவ்வொருவனும் சோறு பொங்கிப் போட்டு, ஊர்க்கதை கேட்டு, அவரை விடவே இல்லை. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. பொறுமை இழந்த ஜக்கையன் எல்லோரையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார். ஒருவனுக்கும் வழி தெரியவில்லை. அவரே விசாரித்துச் சொன்னார்.

ஊறுகாய் கொடுத்துவிட்ட முனியாயியின் மகன் காசிமாயன் கால் நனைய நின்றான். "வந்து மூணு வருசமாச்சு மாமா. இன்னைக்குத்தான் கடலைப் பார்க்குறேன்."

ஜக்கையன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போடிக்குத் திரும்பியதும் முனியாயி ஓடிவந்தாள். "எம்புள்ள எப்படிண்ணே இருக்கான்?"

"அவனுக்கென்ன தாயி? சாயங்காலமானா கடற்கரைக்குக் காத்து வாங்கப் போயிர்றான்" என்றார்.