சுடலையம்மாளின் நீர் மாத்திரை

என் பெரியம்மா சுடலையம்மாளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. விடியும் முன்பே தளவாய்புரத்தில் மாங்காய்க் கூடையோடு பஸ் ஏறி, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். அங்கே வந்து நிற்கிற பஸ்ஸுக்கெல்லாம் ஓடி, மிளகாய்ப்பொடி தூவிய கீற்றை ஜன்னல் வழியாக நீட்டுவாள். பெரியப்பா இறந்த பிறகு அந்தக் கூடைதான் அவளுக்குச் சோறு போட்டது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அவள் ஓட்டம் தடுமாறியது. இரண்டு பஸ்ஸைத் தாண்டுவதற்குள் மூச்சு இரைத்தது. கால் வீங்கியது. படுத்தால் திணறி எழுந்து உட்காருவாள். பத்தாவது முடித்து வீட்டிலிருந்த நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை, அதனால்தான் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார் அவர். அந்த நீர் பிரிவதற்குக் காலையில் ஒரு மாத்திரை.

அடுத்த முறை போனபோது வீக்கம் கூடியிருந்தது.

"மாத்திரை போடுறீங்களா?"

"போடுதேன் சார்."

ஒன்றை இரண்டாக்கினார். மறுபடி போனோம். பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"நுரையீரல்ல நீர் ஏறுது. இறங்கலைன்னா உயிருக்கே ஆபத்து. மதுரைக்குப் போகவேண்டியதுதான்."

பெரியம்மா காலை ஆட்டிக்கொண்டே, "மதியப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

ஊசி போடும் அறையில் நர்ஸ் ஜெயபாய் அவள் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"யக்கா, மாத்திரை போட்டா எம்புட்டு தடவை ஒண்ணுக்குப் போவீய?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல எங்கிட்டுப் போக? ஆம்பளைக செவரப் பாத்து நின்னுக்கிடுதாக. நான் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு நிக்கவா?"

"அப்போ மாத்திரை?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் விடியுமுன்ன இருட்டோட போடுவேன். அன்னைக்கு யாவாரம் இல்லைல்லா."

ஜெயபாய் நீர் பிரியும் ஊசியைப் போட்டு, கழிப்பறைக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் ஓடினாள். சாயங்காலத்துக்குள் பெரியம்மாவின் இரைப்பு பாதி அடங்கிவிட்டது.

டாக்டர் வந்து பெஞ்சருகே நின்றார். "இதை நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். இரண்டு மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்கினார். "யாவாரம் முடிஞ்சு வீட்டுக்குப் போய்ப் போடுங்க. நாலு மணிக்கு."

"நாலு மணிக்கா? எங்க ஊர்ல பொழுதடைஞ்சாத்தான் பொம்பளைக ஓடைப்பக்கம் போக முடியும் சார்."

"சரி, எப்போ முடியும்? நீங்களே சொல்லுங்க."

"ஆறு மணி."

அன்று முதல் ஆறு மணிக்கு மாத்திரை. இருட்டியதும் ஓடைக்குப் போகும் கருவேலங்காட்டுப் பாதையில் நானும் கூடவே போய்வந்தேன்.

"ஏட்டி, வெரசா நட! டாக்டரு மெதுவாப் போகச் சொன்னது எனக்குத்தான், ஒனக்கில்ல."

பிறகு போனபோது டாக்டர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"நாளைக்குக் கூடையைத் தூக்கலாமா சார்?"

"பாதிக் கூடை தூக்கலாம். ஆனா ஓடக்கூடாது, உட்கார்ந்துதான் விக்கணும்."

பெரியம்மா அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

"நான் உக்காந்துக்கிட்டா, பஸ்ஸு எறங்கி என்கிட்ட வருமா சார்?"