ஹெஸ்டர் சேர்த்த ஒரு வரி

என் நாத்தனார் ஹெஸ்டருக்குப் பிடிவாதம் கூடப் பிறந்தது. பள்ளிக்கூடக் கணினிகளைப் பழுதுபார்ப்பது பிழைப்பு. உயிர் மட்டும் அவள் எழுதிய அலைக்கணிப்பு மென்பொருளில். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்குத் தந்தால் மூலநிரலையும் திறந்து வைக்க வேண்டும். அதுதான் அவள் போட்ட உரிமம். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில் அதைப் பார்க்காமல் எந்தப் படகும் முகத்துவாரத்தைக் கடக்காது.

போன கோடையில் சால்மன் பண்ணைக்காரர்கள் அதை வைத்தே கடலில் மீன் வளர்க்கும் கூண்டு போட இடம் குறித்தார்கள். சிங்கி இறால் பிடிக்கும் என் கணவர் லாக்கியின் இடம் அது.

"உன் சாமானை வெச்சே என் வயித்துல அடிக்கிறானுங்க. அவனுங்க தொடக்கூடாதுன்னு எழுதுக்கா!" என்று கத்தினார்.

தம்பிக்காகப் புதிய பதிப்பின் உரிமத்தில் எழுதினாள்: 'மீன் பண்ணைகள் பயன்படுத்தக் கூடாது.' பண்ணைக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பு கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பிடுங்க முடியுமா? படகுகளுக்குக் கட்டற்ற மென்பொருளைத் திரட்டி அனுப்பும் தன்னார்வலர்கள்தான் புதியதை ஒதுக்கிவிட்டுப் பழையதையே அனுப்பினார்கள். ஒருவனுக்கு இல்லையென்றால் அது கட்டற்றதே அல்லவாம்.

படகுகளில் இருப்பது பழையது என்பது ஹெஸ்டருக்கு உறைத்தது, தென்மேற்குக் காற்று கிளம்பிய மத்தியானத்தில். பழையதில் இருந்த பிழை அந்தக் காற்றில் அலையைக் குறைத்துக் காட்டும். அவள் திருத்தியது புதியதில் மட்டும். லாக்கி கடலில்.

ரேடியோவில் கூப்பிட்டோம். தன் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று இறால் கூடை இழுக்கும்போது அதை அணைத்துவிடுகிற மனிதர். அவர் போன் சமையலறையில் கிடந்தது.

துறைக்கு ஓடினோம். அவளை அறையலாம் போலிருந்தது.

படகு தெரிந்தது. முகத்துவாரத்துக்கு வெளியிலேயே நின்றது. அலை தணிந்த பிறகே உள்ளே வந்தது.

"ஏன்டா வெளியவே நின்ன?" என்றாள் ஹெஸ்டர்.

"மெஷின் ஆபத்துன்னு செவப்பு காட்டுச்சு. நீ சரிபண்ணதுதானே?"

ஹெஸ்டர் கையோடு கொண்டு வந்த மடிக்கணினியில் பார்த்தாள்.

"நான் இல்லடா. பண்ணையில நிரல் எழுதுறவன். பழசுல இருந்த தப்பை அவனே சரிபண்ணி, எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கான். அதுதான் இன்னைக்குப் படகுகளுக்கு வந்திருக்கு."

லாக்கி ஈரக் காலணியைக் கழற்றினார்.

"அந்த வரியை அழிச்சிரு."

"கூண்டு போடுவாங்கடா."

"போட வந்தா கவுன்சில்ல போய்க் கத்திக்கிறேன். நீ அழி."

அவள் அழித்தாள். அவளை அறைய நினைத்த கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.