புகையா, ஆவியா?

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளையில் நான் ஓட்டிய வாடகைக் கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் வழியாக வெள்ளையாகப் புகைவிடும். குளிர் மாதங்களில் அது பெரிய விஷயமில்லை. அந்த ஊரில் மனிதர்கள் வாயைத் திறந்தாலே புகை வரும். ஆனால் அந்த வருஷம் தை மாதத்தில் புகை நிற்கவேயில்லை. கடைவீதியைத் தாண்டி, ஏற்றமெல்லாம் ஏறி, வெயில் வந்த பிறகும் பின்னால் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

கார் என்னுடையதல்ல. துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியுடையது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வண்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அவர் வாங்கியது. நுவரெலியாவில் ஒரு கராஜ்காரரிடம் அதைக் காட்டிவிட்டு வந்தவர், கடை வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

“டிரைவர், வண்டிய வித்துருவோம். எஞ்சின் இரும்பு கீறி வெடிச்சிருக்காம். பழைய இரும்புக்குத்தான் போகும்னு கராஜ் பாஸ் சொல்லிட்டாரு.”

“அவரு பொனட்டத் தொறந்து பார்த்தாரா முதலாளி?”

“பொகையப் பார்த்தாலே தெரியுதாமே.”

“ஒரு கிழமை, ஏழு நாள் குடுங்க. என்னன்னு நான் கண்டுபுடிக்கிறேன். நெசமாவே வெடிச்சிருந்தா நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்.”

“ஒரு கிழமைதான்” என்றார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகிவிட்டிருந்த காலம். அரசாங்க முத்திரையோடு என் பெயர் எழுதிய காகிதம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது டிரைவிங் லைசன்ஸ். கார் போனால் நான் மறுபடியும் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அந்தக் களத்தில் என் அப்பா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் விடியும்போதே தேயிலை லொறிகள் புறப்படும் இடத்துக்குப் போனேன். அவையும் வெள்ளையாகத்தான் விட்டன. ஆனால் எஞ்சின் சூடேறியதும் நின்றுவிட்டது. ஆகவே குளிர் மட்டும் காரணமில்லை. ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும், பெற்றோல் அதிகமானால் கறுப்பாக வரும். சைலன்சர் வாயில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். கை நனைந்தது. முகர்ந்தால் ஆயில் நாற்றம் இல்லை. வருவது தண்ணீர்தான்.

ரேடியேட்டரை வாய்வரை நிரப்பினேன். சாயங்காலம் பார்த்தால் நான்கு விரல் குறைந்திருந்தது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே ஒழுகாத தண்ணீர் உள்ளேதான் போயிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை எஞ்சின் சில்லிட்டுக் கிடக்கும்போது நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். மூன்று கறுத்திருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல இருந்தது. முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு எஞ்சினைச் சுற்றினேன். அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் சட்டையில் அடித்தது.

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் தகடு எரிந்திருந்தாலும் தண்ணீர் இப்படித்தான் வரும், கராஜ்காரர் சொன்னதுபோல இரும்பு வெடித்திருந்தாலும் இப்படித்தான் வரும். மூடியைத் திறந்தால்தான் தெரியும். தனியாகத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த எங்கள் பக்கத்து லயத்து அண்ணனிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை தன் ஸ்பேனர் சாவிகளோடு வந்தார்.

கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் மூடியைத் தூக்கினோம். மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர் போகும் துளைக்கும் நடுவில் கேஸ்கட் கருகி, ஒரு நகக்கண் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது.

“இது ஒண்ணுதானான்னு பார்க்கணும்” என்றார் அண்ணன்.

இரும்பைச் சுரண்டித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவினோம். மறுபடி நன்றாகத் துடைத்துவிட்டு பள்ளிக்கூட வெண்கட்டித் தூளைப் பூசினோம். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கோடாகக் காட்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். நெடுநேரம் பார்த்தும் கோடு வரவில்லை. மூடியின் மேல் இரும்பு அடிமட்ட ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். மூடியும் வளைந்திருக்கவில்லை.

கேஸ்கட்டுக்காக பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில் இல்லை. மூன்றாவது கடையில் பழைய பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அண்ணனும் நானும் பொருத்தி, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம்.

கெடு முடிந்த காலையில் முதலாளி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். ஸ்டார்ட் செய்தேன். பின்னால் குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பியது.

“அதேதானே இது?” என்றார்.

எனக்கும் ஒரு நொடி சந்தேகம் வந்தது. ஆனாலும் எஞ்சினை நிறுத்தவில்லை. “கொஞ்சம் பொறுங்க முதலாளி. அது சைலன்சர்ல கெடந்த ஈரம். பழைய பொகையாயிருந்தா நிக்காது, ஈர ஆவியாயிருந்தா நின்னுரும்.”

இருவரும் சைலன்சர் பக்கம் போய் நின்றோம். வெள்ளை மெலிந்தது, நூலானது, பிறகு இல்லை. அவர் முகம் தெளியவில்லை. “வண்டி நின்ன எடத்துல பொகை நிக்கும். மேடு ஏறுனா?”

“ஏறுங்க, போய்ப் பார்ப்போம்.”

அவரை ஏற்றிக்கொண்டு இராகலை வழியாக வலப்பனைக்கு இறங்கினேன். அங்கிருந்து அத்தனை வளைவும் நிறுத்தாமல் ஏறி வந்தேன். வழி நெடுக அவர் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். கந்தப்பளைக்கு வந்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். அவரே கிட்ட வந்து விரலை விட்டார். முதல் கணு உள்ளே போவதற்குள் தண்ணீர் தட்டியது; குறையவேயில்லை.

விரலைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு நுவரெலியாவுக்கு ஒரு கல்யாண ஓட்டம் இருக்கு. ஏழு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார்.

அன்று தேநீர்க் கடையில் அண்ணன் என்னிடம் சொன்னார்: “நானும் வெடிச்சிருக்கும்னுதாண்டா நெனச்சேன்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“நீ விடுற ஆளாத் தெரியலையே” என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்தக் காரை நான் ஐந்து வருஷம் ஓட்டினேன்.