ஆறாவது வரிசையில் டிக்கெட் அக்கா

பதினெட்டுப் பேர் வாசிக்கும் அந்தச் சின்ன இசைக்குழுவில் அவளை எல்லோரும் டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக அரங்க வாசலில் டிக்கெட் கொடுக்கிறாள். தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்துக் கிடப்பதால், ஒரு கச்சேரியைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை.

வரப்போகும் சீசனின் முதல் நிகழ்ச்சி, ஒரு நடனக் குழுவோடு சேர்ந்து நடத்துவது. ஒத்திகையன்று நடன இயக்குநர், "யாராவது கீழ உட்கார்ந்து மேடை எப்படித் தெரியுதுன்னு பாருங்களேன்" என்றார். கை சும்மா இருந்தது அக்காவுக்கு மட்டும்தான். ஆறாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

முதல் பகுதியை வாசித்து முடித்ததும், "எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டார் அவர்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும், ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அந்த ஆடற பொண்ணு நம்ம வயோலா வாசிக்கிற தம்பிய மறைச்சுக்கிட்டே நிக்குது. தம்பியோட அம்மா எப்பவும் இந்த சீட்டத்தான் கேட்டு வாங்குவாங்க."

வயோலாக்காரன் நிமிர்ந்து பார்த்தான். "எங்கம்மாவா? எங்க கிடைச்சாலும் உட்காருவேன்னுதானே சொல்வாங்க!"

"உன்கிட்ட அப்படித்தான் சொல்வாங்க. என்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடியே போன் பண்ணிடுவாங்க."

அவன் முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நடன இயக்குநர் அந்தப் பெண்ணை மூன்றடி தள்ளி நிற்கவைத்தார்.

"இப்ப சரியாக்கா?"

"உட்கார்ந்து பார்த்தாத்தானே தெரியும்? முதல்லேருந்து வாசிங்க," என்றாள் அக்கா, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "நடுவுல நிறுத்தாதீங்க."